நான் புகைக்காத சிகரெட்டின் கறை

என் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட நான் பற்றவைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர்களில் யாரைக் கேட்டாலும் வேறு கதைதான் சொல்வார்கள். எங்கள் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் என்னைத் தெரிந்த தமிழர் வீடுகளில் என் பேச்சு வந்தால், நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த சிகரெட்டு, என்று இழுப்பார்கள். அந்த இழுப்பைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. எங்கள் வீட்டில் சிகரெட் பிடிப்பவள் என் மனைவி.

கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. தீவின் தென்பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவள். இடைவேளையில் பின்கதவுக்கு வெளியே நின்று தூக்கத்தைப் புகையால் விரட்டிய பெண்கள் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. மற்றவர்கள் வேலையை விட்டபோது சிகரெட்டையும் விட்டார்கள். இவள் வேலையை மட்டும் விட்டாள். பெண் பார்க்கப் போன அன்று இதை என்னிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அதோடு அவள் மிகவும் அழகாக இருந்தாள், ஆகவே மேற்கொண்டு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

பழி என் தலையில் விழுந்தது எங்கள் ஒரே மகள் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில். அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்த பச்சைச் சிகரெட் பெட்டி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு நடு வீட்டில் வந்து நின்றாள். இது யாருடையது என்று கேட்டாள். என் மனைவி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை, கல்யாணமானவர்களுக்குத் தெரியும். என்னுடையது என்றேன். சாயங்காலத்துக்குள் பிள்ளை மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் மறக்கவில்லை, கட்டுரை எழுதினாள். பள்ளியில் தீய பழக்கங்களைப் பற்றி ஒரு போட்டி வைத்திருந்தார்கள். என் மகள் தன் தந்தையைப் பற்றி எழுதி முதல் பரிசு வாங்கினாள். பரிசளிப்பு விழாவில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, கட்டுரையை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். என் நுரையீரலின் நிறம் அதில் விவரமாக வந்தது. வாசித்து முடித்ததும் தலைமையாசிரியர் இறங்கி வந்து என் கையைப் பிடித்து, மனம் இருந்தால் விட்டுவிடலாம் ஐயா என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது பெருமையிலா, சிரிப்பை அடக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நம் ஆட்களிடம் ஓர் ஆண் சிகரெட் பிடித்தால் அது கெட்ட பழக்கம். ஒரு பெண் பிடித்தால் அது குடும்பத்தின் கதை, கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு பந்தியில் பரிமாறப்படும். எனக்கு அட்வைஸ் கிடைத்தது, அவ்வளவுதான். அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். அதனால் பேசாமல் புகைப்பவனாகவே இருந்துவிட்டேன். தீபாவளிக்குத் தீபாவளி என் மைத்துனர்கள் எனக்கு லைட்டர் வாங்கிக் கொடுப்பார்கள். அதை வாங்கி அவளிடம் கொடுப்பேன்.

மறைப்பதற்கு அவளிடம் வழிகள் இருந்தன. வாயில் எப்போதும் ஏலக்காய். சிகரெட்டை விரலால் பிடித்தால் கறை ஏறும் என்று, துணி காயப்போடும் கிளிப்பில் கவ்விப் பிடித்துக்கொண்டு பின்கட்டு வாஷிங் மிஷின் பக்கத்தில் நின்று இழுப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சின்னத் துணியைக் காயவைக்கிறாள் என்று தோன்றும். அப்படியும் அவசரத்தில் கிளிப் கைக்கு வராத நாட்கள் உண்டு. வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மெல்ல மெல்ல மஞ்சள் ஏறியது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையலில் மஞ்சள்தூளைக் கூட்டினாள். எங்கள் வீட்டில் ரசம் மஞ்சள், கூட்டு மஞ்சள், மீகூன் நூடுல்ஸ் பிரட்டினால் அதுவும் மஞ்சள். வந்தவர்கள் அவள் விரலைப் பார்த்துவிட்டு, எந்நேரமும் அடுப்படியில் கிடக்கிறாள் பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள்.

இப்படியே காலம் ஓடியது. மகள் இன்ஜினியரிங் படித்து, பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தாள். தீவிலிருந்து போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கிக் கல்யாணமும் செய்துகொண்டாள். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார், சொன்னதைச் செய்வார். போன வருடம் அவள் உண்டானாள். எங்களுக்கு முதல் பேரப்பிள்ளை. போனில் அழுதுகொண்டே சொன்னாள், நாங்களும் அழுதோம். அழுகை அடங்கியதும் மூக்கை உறிஞ்சிவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "ப்பா, இனிமே நீங்க சிகரெட்ட விட்டாகணும்" என்பதுதான்.

நான் உடனே விட்டுவிட்டேன் என்றேன். உலகத்தில் இவ்வளவு சுலபமாகச் சிகரெட்டை விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் நம்பவில்லை. புகை துணியில் தங்கும், முடியில் தங்கும், தோலில் தங்கும், புகைத்தவன் தூக்கினால் பச்சைப்பிள்ளையின் மூச்சுக்குள் போகும், எல்லாம் படித்து வைத்திருந்தாள். முழுசாக விடாதவரை பிள்ளையை என் கையில் தரமாட்டேன் என்று தெளிவாகச் சொன்னாள். என் மனைவி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் குப்பை கொட்டிவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள். குப்பைக்கூடையில் ஒரு வெங்காயச் சருகு இருந்தது.

வளைகாப்பு முடிந்த அடுத்த வாரமே மாப்பிள்ளை வந்து, சிகரெட்டை விட உதவும் அரசாங்கக் கிளினிக்குக்கு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தமிழ்ப்பெண், கனிவானவள். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டாள். எனக்கு நியாயமான எண்ணிக்கை எதுவென்று தெரியவில்லை. ஒரு பெட்டி என்றேன். கடைசியாக எப்போது பிடித்தேன் என்று கேட்டாள். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். எப்போதோ என்று சொன்னால் பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்களே என்று பயந்து, நேர்மையானவனாகத் தெரியட்டும் என்று, காலையில்தான் என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதுதான் மட்டமானது.

அவள் ஒரு சின்ன இயந்திரத்தை நீட்டி ஊதச் சொன்னாள். மூச்சில் புகையின் விஷம் எவ்வளவு என்று அது காட்டுமாம். ஊதினேன், பூஜ்யம். தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னாள், பூஜ்யம். அவளே ஊதிப் பார்த்தாள், அவளுக்கும் பூஜ்யம். மாப்பிள்ளையை ஊதச் சொன்னாள். அவருக்கு ஏதோ ஓர் எண் காட்டியது. அவர் முகம் வெளிறியது. வரும் வழியில் லாரிக்குப் பின்னால் ஜன்னலைத் திறந்துவைத்திருந்தேன் என்று அவசரமாக விளக்கினார். மிஸ்ஸி பழுதென்று முடிவுகட்டி இயந்திரத்தை மேசைமேல் வைத்து, "மிஷின் ரோசாக்லா அங்கிள், வெரலக் காட்டுங்க" என்றாள்.

என் விரல்கள் பளிச்சென்று இருந்தன. கப்பல் சரக்கு ஆபீசில் ஆயுள் முழுக்கப் பேனா பிடித்த விரல்கள், வேறு எப்படி இருக்கும்? அவள் கவலையோடு தலையை ஆட்டினாள். ஒரு பெட்டி பிடிப்பவருக்கு விரல் இவ்வளவு சுத்தமாக இருந்தால், தேய்த்துத் தேய்த்து மறைக்கிறார் என்றுதான் அர்த்தம், மறைப்பவர்கள் விடுவது கஷ்டம் என்று மாப்பிள்ளையிடம் ரகசியமாகச் சொன்னாள். எனக்கு முழுசாகக் கேட்டது. மெல்லுவதற்கு நிகோடின் கம் கொடுத்து அனுப்பினாள். வீட்டுக்கு வந்து அதையும் மனைவியிடம் கொடுத்தேன். காரமாக இருக்கிறது என்று துப்பிவிட்டாள்.

மாப்பிள்ளை நடந்ததை அப்படியே மகளிடம் ஒப்பித்திருக்கிறார். அன்று சாயங்காலம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. யாரோ ஒருவருடைய நகம். நுனிப்பக்கம் பாதி மஞ்சள், அடிப்பக்கம் பாதி வெள்ளை, நடுவில் ஒரு கோடு. சிகரெட்டை விட்டவனுக்கு நகம் புதிதாக வளரும்போது கறை மேலே மேலே தள்ளப்படும், அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்து எப்போது விட்டான் என்று சொல்லிவிடலாம் என்று விளக்கம் எழுதியிருந்தாள். பிறகு அவளே கூப்பிட்டாள்.

"தேய்க்கறத நிறுத்துங்கப்பா. கறை இருந்து, அது வளந்து போனாத்தான் நான் நம்புவேன். வாரா வாரம் நகத்தப் படம் புடிச்சு அனுப்புங்க."

தொழிற்சாலையில் அவள் வேலையே அதுதான். குறையைக் கண்டுபிடித்து, அது நீங்கியதற்கு ஆதாரம் கேட்பது. ஆதாரம் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் கறை போக வேண்டுமென்றால் முதலில் கறை இருக்க வேண்டுமே. இல்லாத கறையை எப்படிப் போக்கிக் காட்டுவது? மறுநாள் முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். என் மனைவி என்னைப் பாவமாகப் பார்த்து, தன்னுடைய விரலைப் படம் எடுத்து அனுப்பலாமா என்று கேட்டாள். அவள் விரலில் மூன்று மோதிரங்கள், நெளி மோதிரம் வேறு. அவை கழலாமல் போய் வருடங்களாயிற்று.

அப்போதுதான் எனக்கு அந்த அறிவு வந்தது. லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்குப் பக்கத்துக் கடையில் போய் ஒரு மருதாணிக் கூம்பு கேட்டேன். கடையில் இருந்த பெண், வீட்டில் விசேஷமா அண்ணே, என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிவப்பாக வேண்டாம், மஞ்சளாகப் பிடிக்க எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று கேட்டேன். இப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. பூசிவிட்டு உடனே கழுவுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் கடையை விட்டு இறங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கையில் இரண்டு விரல் நுனியிலும் நகத்திலும் பூசிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். மதியம் மஞ்சள் கூட்டு, மஞ்சள் ரசம், வயிறு நிறையச் சோறு. மேலே காற்றாடி சுற்றியது. விழித்தபோது மனைவி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். பூசியது காய்ந்து உதிர்ந்து சோபாவெல்லாம் பொடி. கழுவிப் பார்த்தால் இரண்டு விரலும் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தன, நல்ல கருஞ்சிவப்பு. அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பது சிகரெட்டை ஒரே நேரத்தில் பிடித்தாலும் இப்படி ஆகாதே என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று இரவு சாப்பிடவில்லை.

தோலில் ஏறியது சில நாளில் மங்கி, நிஜமாகவே நிகோடின் கறை மாதிரி காவி நிறத்துக்கு வந்தது. நகத்தில் ஏறியது இம்மியும் நகரவில்லை. நகத்தில் பிடித்த மருதாணி, அந்த நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை இருக்கும் என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆண்களிடம் யார் சொல்வார்கள்? படத்தை அனுப்பினேன். மகள் கூப்பிட்டாள். இத்தனை நாளாக இவ்வளவு கறையையா மறைத்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. என் உடம்பை நினைத்து அவள் அழுகிறாள் என்பது புரிந்தது. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். மனைவி வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. பத்தியத்துக்கு மகளும் குழந்தையும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார்கள். வந்த அன்றே மகள் தன் பையிலிருந்து அகலமான ஒட்டுநாடா ஒன்றை எடுத்து, குழந்தை இருந்த அறை வாசலில் தரையோடு தரையாக ஒட்டினாள். அவர்கள் தொழிற்சாலையில் ஆபத்தான இயந்திரத்தைச் சுற்றி இப்படித்தான் ஒட்டுவார்களாம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நான். என் நகத்தில் வெள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று போனில் பெரிதாக்கிப் பார்ப்பாள். இந்த வேகத்தில் போனால் பிள்ளை தவழ்ந்து தானே கோட்டைத் தாண்டி என்னிடம் வந்துவிடும் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் என் மனைவி ராஜாங்கம் நடத்தினாள். தினமும் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, மஞ்சளும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பாட்டினாள். துடைத்ததும் சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்து, அறை தெரியாத அளவுக்குப் புகை போட்டாள். அந்தப் புகையைப் பற்றி என் மகள் வாயைத் திறக்கவில்லை. புகை நடுவிலிருந்து, கோட்டுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து, இன்னும் தள்ளி நில்லுங்கப்பா என்றாள்.

தேய்க்கக் கூடாது என்று மகள் சொல்லியிருந்தும், காத்திருக்கப் பொறுமையில்லாமல் நகத்தைச் சுத்தப்படுத்த நான் செய்யாதது இல்லை. என் மனைவிதான் ஆலோசகர். அவளுக்குத்தானே அனுபவம்? எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி விரலைச் சொருகி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சோடா மாவைக் குழைத்துத் தேயுங்கள், தேய்த்தபின் தேங்காயெண்ணெய் போடுங்கள், இல்லாவிட்டால் தோல் வெடிக்கும் என்று அடுக்களையில் கிசுகிசுப்பாள். பற்பசை பூசினேன். ஃபார்மசியில் புண்ணுக்குப் போடும் நுரைக்கிற தண்ணீர் வாங்கி ஊறவைத்தேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் தம் பல்செட்டுக்குப் போடும் மாத்திரை இரண்டு கொடுத்தார். அதைக் கிளாஸில் கரைத்து, அவர் பல்செட் ஒரு கிளாஸில், என் விரல் ஒரு கிளாஸில் என்று இருவரும் நடைவராந்தாவில் உட்கார்ந்து காலைப் பேப்பர் படித்தோம். அவருக்குப் பல் வெள்ளையாயிற்று. எனக்கு விரலில் தோல் வெளுத்து, நடுவில் நகம் முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தது. சிகரெட் கறைக்குச் சொல்லும் வைத்தியம் மருதாணியிடம் எடுபடாது என்பதை ஒரு மாதம் செலவழித்துக் கற்றுக்கொண்டேன்.

வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் இருவர் கையையும் பார்த்தார்கள். என் மனைவியின் இரண்டு விரலிலும் நிஜமான கறை, மஞ்சளுக்கு அடியில் சுகமாக உட்கார்ந்திருந்தது. இப்போது கிளிப்புக்கெல்லாம் நேரமில்லை. குப்பை கொட்டும் இடத்தில் நின்று வேகவேகமாக இழுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவாள். அவளுடைய பெரியம்மா மகள் அந்த விரலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளைக்கு மஞ்சள் அரைச்சு அரைச்சுக் கையப் பாரேன் என்று உருகினாள். அடுத்து என் கையைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உள்ளே எரிந்தது. பிள்ளையை ஒரு தரம் தூக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதன் பாதம் எப்படி இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது, எப்போதும் துணியில் சுற்றியே இருந்தது.

தொட்டில் போடும் நாள் வந்தது. எங்கள் குடும்ப வழக்கப்படி பெண்ணைப் பெற்றவன்தான் பேரப்பிள்ளையை மடியில் வைத்து, காதில் மூன்று முறை பெயரைச் சொல்லித் தொட்டிலில் கிடத்த வேண்டும். என் மாமனார் என் மகளுக்குச் செய்தார். அதற்காக நான் புது வேட்டி வாங்கி வைத்திருந்தேன். முதல் நாள் மகள் என்னிடம் வந்து, கோபிக்காதீர்கள் அப்பா, மாமாவையே பெயர் சொல்லச் சொல்லிவிட்டேன் என்றாள். மாமா என்றால் மாப்பிள்ளையின் அப்பா. சரி என்றேன். அன்று பின்கட்டில் போய் வாஷிங் மிஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அதுவரை அங்கே போய் நிற்க எனக்குக் காரணம் எதுவும் இருந்ததில்லை, அன்று அழுகை வந்தது. மனைவி துணி எடுக்க வந்தவள், பார்த்துவிட்டுத் துணியை எடுக்காமலே திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை சம்பந்தி வீட்டாரும் நெருங்கிய சொந்தமும் வந்தார்கள். சிறிய வீடு, ஹால் நிரம்பிவிட்டது. குளிப்பாட்டி, புகை காட்டி, பொட்டு வைத்து, என் மனைவி குழந்தையைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தாள். சம்பந்தி மணையில் உட்கார்ந்தார். பாட்டி முறையில் ஒருத்தி, தாய்வழித் தாத்தா எங்கே, அவர்தானே உட்காரணும் என்று கேட்டாள். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

"அவர் சிகரெட் குடிச்சதே இல்ல," என்றாள் என் மனைவி. "வீட்டுல குடிக்கிறது நான்தான்."

பெரியம்மா மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். புருஷன் மானத்தைக் காப்பாற்ற ஒரு பெண் இப்படிச் சொல்வாளா என்றாள். சம்பந்தியம்மாள் எழுந்து வந்து என் மனைவியின் தோளைத் தடவினாள். என் மனைவி, இல்லை, நிஜமாகத்தான் என்றாள். சொல்லச் சொல்ல அவள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. எத்தனை வருஷமாக என்று சொன்னாள், எங்கே நின்று என்று சொன்னாள், எந்தக் கடையில் வாங்குவேன் என்று சொன்னாள். மகள்கூட கண் கலங்கி, "அப்பாவுக்காக நீங்க பொய் சொல்லாதீங்கம்மா" என்றாள்.

என் மனைவி பெருமூச்சு விட்டாள். அரிசி வாளிப்பக்கம் போய்க் குனிந்து ஒரு பெட்டியை எடுத்தாள். ஹாலைக் கடந்து, வாசல் கதவைத் தாண்டி, எல்லாருக்கும் தெரியும்படி நடைவராந்தாவில் கட்டைச்சுவர் ஓரம் போய் நின்றாள். பட்டுப்புடவை, தலையில் மல்லிகை. பெட்டியின் அடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி ஒன்றை உருவி, காற்றுக்குக் கை மறைத்துப் பற்றவைத்தாள். முதல் புகையை மூக்கு வழியாக விட்டாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் மட்டும் தம் நாற்காலியிலிருந்து அவளுக்குக் காலை வணக்கம் சொன்னார். அவளும் தலையசைத்தாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அவள் அவசரமில்லாமல் புகைத்து நான் பார்த்ததே இல்லை. பாதியில் அணைக்கவில்லை, யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்று எப்படி இருந்தாளோ, அப்படித்தான் இருந்தாள். பெரியம்மா மகளின் விம்மல் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

என் மகள் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் நகத்தைப் பார்த்து, இது என்னவென்று கேட்டாள். மருதாணி என்றேன். எதற்கு என்றாள். நீதானே கறை கேட்டாய் என்றேன். அவள் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டது. சம்பந்தி மணையிலிருந்து தாமாகவே எழுந்தார். நான் உட்கார்ந்தேன். மகள் குனிந்து குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"காதுல சொல்லுங்கப்பா."

இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கே பிடிப்பது என்றும் தெரியவில்லை. துணி விலகி ஒரு பாதம் வெளியே வந்தது. அதன் சூடு என் உள்ளங்கையில் பட்டபோது, எல்லார் முன்னாலும் நான் அழுதேன். அழுதுகொண்டே மூன்று முறை பெயரைச் சொன்னேன்.

என் மனைவி சிகரெட்டை முடித்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். உள்ளே வர ஓர் அடி எடுத்துவைத்தவள், மகள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு, நகம் வளரட்டும்மா, அதற்கப்புறம் குளிப்பாட்டலாம் என்று மெதுவாகச் சொன்னாள். சரி என்றாள் என் மனைவி. நாளைக்குப் பிள்ளையை யார் குளிப்பாட்டுவது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

"தலையத் தாங்கிப் புடிங்க," என்றாள் வாசலிலிருந்தே. "கழுத்து இன்னும் நிக்கல."

அவள் சொன்னபடி கையை மாற்றிப் பிடித்தேன். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். இந்த மாதம் முழுக்க உன் அம்மாதான் இந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், என்ன ஆகிவிட்டது, உன் சட்டத்தைத் தூக்கி வை என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு என் பேச்சை மகள் தட்டியிருக்க மாட்டாள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் அவள் உள்ளே வருவாள். அவளுக்குத் தூக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. பிள்ளை அவள் கைக்குப் போய்விடும். அதன் பிறகு எனக்கு எப்போது கிடைக்கும்?

மூன்று முறை சொன்னால் போதும், தொட்டிலில் கிடத்திவிட வேண்டும். நான் வாசல் பக்கம் பார்க்காமல் குனிந்து, நாலாவது முறையும் பெயரைச் சொன்னேன்.